டெர்மகண்ட் என்றால் பேரரசி

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வகீஹ் தம் மனைவியிடம் ஒரு சண்டைகூட ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை, இனாயத்துக்குத் தொண்டை கட்டிக் குரலே எழும்பாத வாரத்தில், ஜெயித்துவிடலாம் போலத் தோன்றியது. அப்போதும் அவள் கையால் ஜாடை காட்டியே அவரைத் தோற்கடித்தாள்.

போர்ட் சையதில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில், ஆங்கிலக் கடிதப் பிரிவில் அவருக்கு உத்தியோகம். பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வகீஹ். 'உங்கள் கப்பலுக்கு எத்தனை டன் குடிநீர் தேவை?' என்ற ஒரே கடிதத்தை முப்பது வருஷமாகத் தேதி மாற்றி எழுதி வந்தார். ஆனாலும் எங்கள் தெருவில் ஆங்கிலம் என்றால் வகீஹ்தான். மருந்துப் புட்டியோடும் மிக்ஸி பெட்டியோடும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். எல்லோரும் அவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்பார்கள். இனாயத்தும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவாள். அவள் கூப்பிடும்போது மட்டும் அதற்குள் மரியாதை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

இனாயத்துக்குப் பழைய துணி வியாபாரம். கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வெளிநாட்டுத் துணிகளைப் பிரித்து, பொத்தான் வைத்து, இடுப்பைக் குறுக்கி, புதுசு மாதிரி ஆக்கி விற்பாள். அவளுடைய ஆங்கிலமெல்லாம் சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் சீட்டிலிருந்து வந்தது. 'குளிர்ந்த நீரில் துவைக்கவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். அதிகச் சூடு ஆகாது.' இதில் இரண்டாவது விதியை அவள் துணிகள் விஷயத்தில் மட்டும் கடைப்பிடித்தாள்.

அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்குப் போகிற இடைகழியில் கிடந்தது. ஜன்னல் இல்லாத இடம். ஊசியில் நூல் கோக்க வேண்டுமானால் கைபேசி விளக்கைப் போட்டு வாயில் கவ்விக்கொள்வாள். வீட்டில் வெளிச்சமான அறை ஒன்று இருக்கத்தான் இருந்தது. சலோன். தங்கப் பூச்சு நாற்காலிகள், சிவப்பு வெல்வெட் சோபா, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்த அறை. கடைசி விருந்தாளி வந்து மூன்று வருஷமாகிறது. அவரும் மாடி தவறி வந்தவர்.

மெஷினைச் சலோனில் போட வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாள். இந்த ஒரு சண்டையை மட்டும் வகீஹ் போடவே மாட்டார். பேச்சை எடுத்தாலே, "எங்கம்மா பார்த்துப் பார்த்து வாங்கின சாமான்" என்று சொல்லிவிட்டுக் காபிக்கடைக்கு நடையைக் கட்டிவிடுவார். சண்டைகளெல்லாம் அவள் பக்கம், சாவி அவர் பையில்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அந்த மீன் விவகாரம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை, வகீஹ் தாமாகவே மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கிலோ மடவை வாங்கி வந்தார். நாலு மாடி ஏறச் சோம்பல். தெருவில் நின்று குரல் கொடுத்தார். இனாயத் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினாள். மீன் மேலே போனது. பிறகு கூடை திரும்பக் கீழே வந்தது, மீனோடு.

"உஸ்தாத்!" என்றாள் இனாயத், நாலாவது மாடியிலிருந்து. "இது செத்து எத்தனை நாளாச்சு? வாங்கிட்டு வந்தீங்களா, துக்கம் கேட்டுட்டு வந்தீங்களா?"

"புது மீன்தான்! மீன்காரன் சத்தியம் பண்ணினான்!"

"சத்தியம் அவன் பண்ணினான், நாத்தம் மீன் பண்ணுதே! கண்ணைப் பாருங்க. உள்ள போயி, மங்கி, எதுவும் புரியாம... அப்படியே உங்க கண்ணு!"

தெரு சிரித்தது. சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எதிர் வீட்டு மூன்றாவது மாடியில் மதாம் ஷவ்கிய்யா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வகீஹ் மீனைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்கள் ஒத்துத்தான் போயின.

அன்று சாயங்காலம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அரபியில் இவளை ஜெயிக்க முடியாது. அரபியில் இவளிடம் காலாட்படை, குதிரைப்படை, கப்பற்படை எல்லாம் இருக்கிறது. போர்க்களத்தை மாற்ற வேண்டியதுதான். ஆங்கிலத்துக்கு! அதுவும் சும்மா ஆங்கிலம் இல்லை. 'போ', 'வா', 'முட்டாள்' என்கிற ஆங்கிலம் சினிமா பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆங்கிலேயனே அகராதியைப் புரட்டிப் பார்க்கிற ஆங்கிலம் வேண்டும்.

கிழங்கு மாதிரித் தடித்த ஒரு புத்தகம் நடைபாதைக் கடையில் கிடைத்தது. அட்டை இல்லை. உள்ளே ஐயாயிரம் அபூர்வச் சொற்கள், பக்கத்திலேயே அரபியில் அர்த்தம். முன்னுரையில் ஓர் அறிவுரை: 'ஒரு சொல்லை உயிருள்ள ஒரு மனிதர் மீது நாளைக்கு மூன்று தடவை பிரயோகியுங்கள். அது உங்களுடையதாகிவிடும்.'

உயிருள்ள மனிதருக்கு வகீஹ் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை இனாயத் தேநீரை வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி தேநீர் தட்டில் இருந்தது.

"நேத்து மீனுக்கு இன்னைக்கு வெறும் ரொட்டிதான்."

வகீஹ் புன்னகைத்தார். "இனாயத், நீ ஒரு டெர்மகண்ட்."

"என்னது?"

"டெர்மகண்ட்."

"பூச்சி மருந்தா?"

"ஆங்கிலம்."

"அப்படின்னா?"

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற சண்டைக்காரி என்று புத்தகம் சொன்னது. வகீஹ் ஒரு விநாடி தயங்கினார். அந்த ஒரு விநாடியில் அவருடைய வாய் அவரைக் கலந்தாலோசிக்காமல் ஒரு காரியம் செய்தது.

"பேரரசின்னு அர்த்தம்."

இனாயத் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் வெண்ணெயில் பொரித்த இரண்டு முட்டை.

வகீஹ் முட்டையைத் தின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியைத் திட்டியும் இருக்கிறார், சாப்பிட்டும் இருக்கிறார். இரண்டும் ஒரே வேளையில்! சலோன் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அன்றே அதைத் தம் நூலகம் என்று அறிவித்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் திட்டு மழை. நனைந்தவளுக்குப் பன்னீர் என்று சொல்லி வைத்திருந்தார்.

"இன்னைக்கு நீ ரொம்ப லொக்வேஷியஸா இருக்கே, இனாயத்."

"லொக்... என்ன? யாரோ இருமுற மாதிரி இருக்கே?"

"உன் குரலைக் கேட்டா கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு அர்த்தம்."

"அப்போ நான் பேசும்போதெல்லாம் பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா ஏன் பிடிக்கிறீங்க?"

"கண்ணு வேற எங்கயும் போனா குரல்ல கவனம் சிதறிடும்ல." ஓயாமல் வாயடிக்கிறவள் என்பதுதான் புத்தகத்தில் இருந்த அர்த்தம்.

இன்னொரு நாள்:

"ட்ரக்யூலன்ட்."

"இது என்ன லாரி பேரு?"

"சரியாப் பிடிச்சே! லாரி மாதிரி குடும்பத்தையே சுமக்கிறவள்னு அர்த்தம்." உண்மையில் அது எந்நேரமும் கடிக்கப் பாய்கிறவளைக் குறிக்கும் சொல்.

"அதுல சந்தேகமென்ன. சுமையில பாதி நீங்கதானே," என்றாள் இனாயத். அன்று முலூகியாக் கீரையோடு முயலும் இருந்தது.

வகீஹ் ஒரு சுற்று பருத்தார். இருந்தாலும் பொய்க்கென்று ஒரு தொல்லை உண்டு. உண்மையைப் புத்தகம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், பொய்யை அவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"விரேகோன்னா அன்னைக்கு மல்லிகைன்னீங்க. இன்னைக்கு முத்துங்கறீங்க?"

"ஆங்கிலத்துல ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்."

"ஓகோ. மொழிக்கே ரெட்டை நாக்கா!"

அன்று வகீஹ் ஒரு சின்ன நோட்டு வாங்கினார். பக்கத்துக்கு மூன்று பத்தியாகக் கோடு போட்டார். முதல் பத்தியில் சொல். நடுப்பத்தியில் சிவப்பு மையில் உண்மையான அர்த்தம். மூன்றாவதில் நீல மையில் இனாயத்துக்குச் சொன்ன அர்த்தம். முப்பது வருஷ குமாஸ்தா கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் அச்சடித்த மாதிரி இருக்கும். நோட்டு கோட்டின் உள்பையில், இதயத்துக்கு நேராக இருந்தது.

அலுவலகத்திலும் புலமை கரை புரண்டது. குடிநீர்க் கடிதத்தை அவர் புதிதாக எழுதினார். முழுப் பக்கம், பதினேழு அபூர்வச் சொற்கள். கப்பல் தலைவரிடமிருந்து பதில் வரவில்லை. கப்பலே வேறு முகவரிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு கால்வாயைக் கடந்துவிட்டது. பிறகு ஒரு வரித் தந்தி மாதிரி மின்னஞ்சல்: 'தயவு செய்து ஆங்கிலத்தில் எழுதவும்.' மேலதிகாரி அதை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். பாமரனுக்கு எழுதியது என் தவறு என்று வகீஹ் நினைத்துக்கொண்டார்.

இதற்குள் செய்தி தெரு முழுக்கப் பரவியிருந்தது. கணவர் தன்னை ஆங்கிலத்தில் கொஞ்சுகிறார் என்று இனாயத் காய்கறிக்காரியிடமே சொல்லியிருந்தாள். ஒரு நாள் வகீஹ் வேலை முடிந்து தெருவுக்குள் நுழைந்தபோது எதிர் வீட்டு ஷவ்கிய்யா பால்கனியில் காத்திருந்தாள்.

"உஸ்தாத் வகீஹ்! எங்க வீட்டுல இருக்கிறாரே, அவருக்கு அரபியிலேயே நாலு நல்ல வார்த்தை வராது. நீங்களாவது சொல்லுங்க, நானும் ஒரு டெர்மகண்ட்தானே?"

வகீஹுக்கு உண்மையைச் சொல்ல இப்படி ஒரு வாய்ப்பு எப்போதும் வாய்த்ததில்லை. "அதுல என்ன சந்தேகம், மதாம்," என்றார், மனப்பூர்வமாக.

நாலாவது மாடிக் கதவு படாரென்று திறந்தது.

"ஷவ்கிய்யா! காது நல்லாக் கேட்டுக்க. இந்தத் தெருவுல ஒரே ஒரு டெர்மகண்ட்தான். அது நான்தான்!"

"உஸ்தாதே சொல்லிட்டாரு, உம்மு நுஹா!" என்றாள் ஷவ்கிய்யா, இனாயத்தை அவள் மகள் பெயரால் அழைத்து.

"அவரு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாரு. இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் கேட்டுப் பாரு. டெர்மகண்ட்னா யாருன்னு குழந்தைகூடச் சொல்லும்!"

வகீஹ் மாடிப்படியின் இருட்டுக்குள் போய் நின்று, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மகள் நுஹாவைத் தமியாத் ஊரில் கட்டிக் கொடுத்த நாளுக்குப் பிறகு அவர் அவ்வளவு அழுதது அன்றுதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது கோட்டைத் தூசி தட்டி வேறு ஆணியில் மாட்டியிருந்தது. நோட்டு உள்பையில் பத்திரமாக இருந்தது. இடது பையிலிருந்து வலது பைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். வகீஹ் அதைக் கவனிக்கவில்லை. அன்று சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததை மட்டும் கவனித்தார்.

அதற்குப் பிறகு இனாயத் 'அப்படின்னா?' என்று கேட்பதோடு நிறுத்தவில்லை. விவரம் கேட்க ஆரம்பித்தாள்.

"இம்பீரியஸ், இம்பீரியஸ்னு நேத்து சொன்னீங்களே. சரியாச் சொல்லுங்க."

அதட்டி உருட்டி அதிகாரம் பண்ணுகிறவள். "அது வந்து... ஒருத்தி ஒண்ணைக் கேட்டா யாராலயும் மறுக்க முடியாது. அந்த மாதிரி மதிப்பான பெண்."

"யாராலயும்னா? புருஷனாலயும்?"

"புருஷன்தான் முதல்ல!" என்றார் வகீஹ். எதிரே கோதுமை அடைத்துப் பொரித்த புறா இருந்தது. புறாவுக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சத்தனமாகப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"எழுதி வச்சுக்குங்க, மறந்துடப் போறீங்க."

"எழுதிட்டேன், எழுதிட்டேன்."

"ஹாரிடன்?"

கத்திக் கத்தியே ஆளை ஒடுக்குகிற கிழவி. வகீஹ் புறாவின் காலைத் திருகி எடுத்தார். "வீட்டுக்கே சொந்தக்காரி."

"வீட்டுக்குன்னா? சமையலறைக்கா?"

"எல்லா அறைக்கும்!"

இனாயத் இன்னொரு புறாவை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். பாவம், எவ்வளவு வெள்ளந்தி என்று வகீஹுக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இனாயத்தின் அண்ணன் மம்தூஹ் வந்தான். கால்வாயில் இழுவைப்படகு ஓட்டுகிறவன். அவன் படகு இல்லாமலே கப்பலை இழுப்பான் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். கைவிரல் ஒவ்வொன்றும் நங்கூரக் கயிறு தடிமன். தங்கை என்றால் அவனுக்கு உயிர். அவன் கூடவே, எப்படியோ, ஷவ்கிய்யாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். மீன் சாதமும் நண்டும் ஆனது. தேநீர் வந்தது.

"அண்ணே," என்றாள் இனாயத், "நான் இங்க சந்தோஷமா இருக்கேனான்னு நீ கேட்டுக்கிட்டே இருப்பியே. இவரு எனக்கு என்னென்ன பட்டம் கொடுத்திருக்காருன்னு நீயே கேளு. உஸ்தாத், அந்த நோட்டை எடுங்க."

வகீஹுக்குத் தேநீர் புரையேறியது. "எந்த நோட்டு?"

"கோட்டுக்குள்ள, வலது பையில."

வலது பையில்தான் இருந்தது. இடது பையில் வைத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம்.

மம்தூஹ் கையை நீட்டினான். "கொடுங்க, அபூ நுஹா. நானே படிக்கிறேன்."

"வேணாம், வேணாம்! என் கையெழுத்து புரியாது."

"எட்டிப் பார்த்தாலே தெரியுதே, அச்சு மாதிரி இருக்கு. நடுவுல என்ன அது, அரபியில?"

"அது... இலக்கணம்."

"இலக்கணத்தை எதுக்குச் சிவப்பு மையில எழுதியிருக்கு?"

"ஆபத்தான இலக்கணம்."

மம்தூஹின் கை நோட்டின் ஓரத்தைத் தொட்டது. நடுப்பத்தியில், அழகான கையெழுத்தில், தங்கையைப் பற்றி நாற்பத்திரண்டு வசவுகள் இருந்தன. வகீஹ் மனதுக்குள் தம் விலா எலும்புகளை எண்ணி, ஒவ்வொன்றிடமும் விடைபெற்றுக்கொண்டார்.

"விடு அண்ணே," என்றாள் இனாயத். "அவரே படிக்கட்டும். அவரு வாயால கேட்டாத்தான் அழகு."

வகீஹ் மனைவியை நன்றியோடு பார்த்தார். உண்மையாகவே நன்றியோடு. கண்களில் நீரே வந்துவிட்டது.

"டெர்மகண்ட்," என்று இனாயத் எடுத்துக் கொடுத்தாள்.

"பேரரசி," என்று வகீஹ் மூன்றாவது பத்தியைப் படித்தார்.

"பாருங்கம்மா!" என்றாள் ஷவ்கிய்யா பெருமூச்சோடு.

மம்தூஹ் இடைகழிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மெஷினும் துணிமூட்டையும் இருட்டில் கிடந்தன. "பேரரசி அங்கதான் உக்காந்து தைக்கிறாளா?"

வகீஹ் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இம்பீரியஸ்," என்றாள் இனாயத்.

"அவள் கேட்டதை... மறுக்கிற உரிமை..."

"சத்தமாப் படிங்க, அண்ணனுக்கு எஞ்சின் சத்தத்துல காது மந்தம்."

"...யாருக்கும் கிடையாது. குறிப்பாகப் புருஷனுக்கு."

"ஹாரிடன்."

வகீஹ் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தின் ஓரத்தில் புறாவின் நெய்க்கறை இருந்தது. "வீட்டுக்குச் சொந்தக்காரி."

"கடைசியில ரெண்டு வார்த்தை விட்டுட்டீங்க."

"எல்லா அறைக்கும்."

மம்தூஹ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கோபமே இல்லை. குழம்பிப் போனவன் மாதிரித்தான் கேட்டான். "அபூ நுஹா, நீங்க படிச்சவர். எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லா அறைக்கும் சொந்தக்காரி, கேட்டா மறுக்கக் கூடாது, அவ பேரரசி. நீங்களே எழுதி, நீங்களே படிச்சீங்க. அப்போ அந்தச் சலோன் ஏன் பூட்டிக் கிடக்கு?"

"அம்மா வாங்கின சாமான்..."

"எழுதினது பொய்யா அப்போ? வேற ஏதாவது அர்த்தம் இருக்கா? நடுப்பத்தியில ஏதாவது போட்டிருக்கா?" மீண்டும் அந்தக் கை நீண்டது.

இத்தனை வருஷமாக அவர் பையை விட்டு இறங்காத சாவி அன்று மேஜைக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மம்தூஹ் தையல் மெஷினை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டுபோய்ச் சலோன் ஜன்னலடியில் வைத்தான். இனாயத் திரைச்சீலையை ஒதுக்கினாள். கால்வாய்ப் பக்கத்து வெளிச்சம் மொத்தமும் மெஷின் மேல் வந்து விழுந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தாள். முதல் முயற்சியிலேயே கோத்துவிட்டாள். வாயில் கைபேசி இல்லாததால் ஒரு பாட்டும் வந்தது. கதவருகே நின்ற வகீஹின் நெஞ்சுக்குள் என்னவோ குத்தியது. நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்மானித்து, ஒரு சோடா குடித்தார்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு காபிக்கடையில் உட்கார்ந்து அவர் நிதானமாக யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க ஆறுதலாக இருந்தது. அறை போனது நிஜம். ஆனால் விஷயம் அவளுக்குத் தெரியாது! நாற்பத்திரண்டு தடவை திட்டியிருக்கிறோம், நாற்பத்திரண்டு தடவையும் குளிர்ந்து போயிருக்கிறாள். சரித்திரத்தில் எந்தப் புருஷன் இதைச் சாதித்திருக்கிறான்? வெளியே சொல்ல முடியாத வெற்றி, ஆனால் வெற்றி வெற்றிதான். இரண்டாவது காபிக்குச் சொன்னார்.

நாற்காலிகள் ஒவ்வொன்றாக மொட்டை மாடி அறைக்குப் போயின. அவருடைய தடிப் புத்தகம் மட்டும் சலோனிலேயே கிடந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போது துணி நகராமல் இருக்கப் பாரம் வைக்க நன்றாக இருக்கிறது என்று இனாயத் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்றிரண்டு தடவை, மெஷின் சத்தம் நின்று பக்கம் புரளும் சத்தம் கேட்டது. தையல் மாதிரிப் படம் பார்க்கிறாள் என்று வகீஹ் நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசி சாமானும் கிளம்பியது. சிவப்பு வெல்வெட் சோபா. மாடி அறையில் இடமில்லை. மெஷின் காலி செய்த இடைகழியில் போடலாம் என்றாள் இனாயத். "உங்க நூலகத்தை இனி அங்க வச்சுக்குங்க. கைபேசி விளக்கு இருக்குல்ல."

ஒரு முனையை அவள் பிடித்தாள். வகீஹ் மூச்சு வாங்கிக்கொண்டு மறுமுனையில் நின்றார்.

"ம், தூக்குங்க, என் அக்ஸோரியஸ்!"

வகீஹின் கை நழுவியது. சோபாவின் கால் அவர் காலில் விழுந்தது. "என்ன... என்ன சொன்னே?"

"அக்ஸோரியஸ். ஆங்கிலம்."

"எங்க பிடிச்சே அதை?"

"உங்க புத்தகத்துலதான். நீங்க பாதியில நிறுத்திட்டீங்க, நான் கடைசி வரைக்கும் போயிட்டேன். நோட்டுலயும் ரெண்டு இடத்துல சிவப்பு மையில தப்பு இருந்துச்சு, திருத்தி வச்சிருக்கேன்."

எவ்வளவு நாளாக என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. இடது பை, வலது பை, அந்த வெள்ளிக்கிழமை உப்பு, எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னே கைகட்டி நின்றன.

"அப்படின்னா?" என்று மட்டும் கேட்டார், ஈனக் குரலில்.

இனாயத் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு இனிமையான சிரிப்பை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"சிங்கம்னு அர்த்தம்."

வகீஹ் நொண்டிக்கொண்டே மெஷின் பக்கம் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிக்கு முந்தின பக்கங்களில் இருந்தது. பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. எதிரே, தெளிவான அரபியில்: 'மனைவிக்கு அளவு மீறி அடங்கிக் கிடப்பவன். பெண்டாட்டிதாசன்.'

புத்தகத்தை மூடி வைத்தார். வந்து சோபாவின் முனையைப் பிடித்தார். தூக்கினார். இருவரும் பக்கவாட்டில் அடிமேல் அடியாக இடைகழிக்குள் நுழைந்தார்கள்.

"சிங்கமே," என்றாள் இனாயத், "மேல பரண் இருக்கு. தலையைக் குனிஞ்சே வாங்க."